ஈரத்துணி

"எம்புள்ள பல்லத் தின்னுட்டியே, வேலாயி," என்றான் மூக்கன்.

பிள்ளைக்காம்பரா வாசலில், மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கூடைகளோடு நின்றுவிட்டார்கள். அவர்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கிற நேரமெல்லாம் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் வேலாயி. மூக்கனின் இரண்டு வயது மகன் செல்லசாமிக்கு முன்பற்கள் கறுத்து, ஓரம் உதிர்ந்திருந்தன.

தோட்டத்து டாக்டரய்யா மகாலிங்கம், குழந்தையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெல்லத்தான் பேசுவார்.

"இனிப்பு வாயிலேயே ஊறிக் கிடந்திருக்கு. முளைச்ச கையோட பல்லை அரிச்சுப் போட்டுது. ஆரோ அடிக்கடி குடுக்கினம்."

"ஆரோ இல்லீங்க, இவதான். அழுற புள்ள வாயில சீனிய அள்ளிப் போட்டுட்டு அடுப்புகிட்ட குந்திக்கிறா."

வேலாயி மறுத்தாள். சீனித் தேத்தண்ணீரை எந்தப் பிள்ளைக்கும் போத்தலில் ஊற்றிக் கொடுத்ததில்லை என்றாள். கஞ்சி குடித்ததும் ஒவ்வொரு வாயையும் ஈரத்துணியால் துடைத்துவிடுவதாகச் சொன்னாள். மகாலிங்கம் மற்றப் பிள்ளைகளின் வாயையும் பார்த்தார். பற்கள் அரிசி மாதிரி இருந்தன.

"பாத்தீங்களா? எம்புள்ளைக்கு மட்டுந்தான். அவந்தானே ரொம்ப அழுவான்."

அது உண்மை. செல்லசாமி பெற்றவளிடம்கூட அடங்கமாட்டான். மூக்கன் தூக்கினால் மட்டும் வாயை மூடுவான். "ஒங்கிட்ட பாலுதான் இருக்கு, பாசம் எங்கிட்ட" என்று, தொழிலாளர் குடியிருக்கும் லயமே கேட்க மனைவி மீனம்மாவைக் கேலி செய்வான் அவன்.

தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொல்ல வேண்டியதுதான் என்றார் மகாலிங்கம். வேலாயிக்கு விரல்கள் மடங்காது. கொழுந்து எடுக்க முடியாது. இந்த வேலை போனால் லயத்தில் அவள் குடியிருக்கிற ஒற்றைக் காம்பராவும் போய்விடும். ஆனாலும் அவள் கெஞ்சவில்லை.

"தொடைக்கிற துணிய யாருகிட்டங்க குடுக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குள் செல்லசாமி வீறிட்டான். மீனம்மா தோளில் போட்டுத் தட்டிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

"குடு இப்பிடி. அப்பங்கிட்ட எப்பிடி அடங்குறான்னு டாக்டரய்யாவும் பாக்கட்டும்," என்று மூக்கன் வாங்கிக்கொண்டான்.

பிள்ளை சட்டென்று அடங்கினான். அப்பன் முகத்தை அவன் பார்க்கக்கூட இல்லை. மலையில் தேத்தண்ணீரோடு நக்கிக்கொள்ள மூக்கன் கோட்டுப் பையில் வைத்திருக்கும் சீனிப் பொட்டலத்துக்குள், பழகிய சின்னக் கை நேராகப் போயிற்று.

வேலாயி ஈரத்துணியை மூக்கனிடம் நீட்டினாள்.