செயலாளர் வீட்டு மந்திரம்

"இன்னா அரசப்பா, மேடைல ஒண்ணு, ஊட்ல ஒண்ணா?"

கும்மிடிப்பூண்டி பகுத்தறிவு மன்றத்தின் தலைவர் ரங்கசாமி, கறுப்புச் சட்டையும் கடுப்புமாக வாசலில் நின்றார்.

உள்ளே ரெக்கார்டு பிளேயர் சுற்றிக்கொண்டிருந்தது. தம்புரா சுருதியோடு சமஸ்கிருத மந்திரம் தெருக்கோடி வரை கேட்டது. அதுவும் யார் வீட்டில்? போன மாதம் "எங்கே கடவுள்?" என்று மைக் அதிரக் கேட்ட மன்றச் செயலாளர் வீட்டில்!

"மெதுவாப் பேசுங்கண்ணே" என்று பதறினார் அரசப்பன்.

"இன்னா மெதுவா? காலைல, சாயந்தரம் ரெண்டு வேளையும் தியானமாமே! நம்ம ஃபேக்டரில ஷிப்டுக்கு ஷிப்டு சிரிக்கிறானுங்க. நாளைக்குக் கூட்டத்துல உன்னைச் செயலாளர் பதவில இருந்து தூக்கப் போறோம்."

அந்தப் பதவி என்றால் அரசப்பனுக்கு உயிர். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பிளேயரை நிறுத்தவில்லை.

"பக்கத்து ஊட்டு கனகாம்பாளம்மா ஆபரேஷன் பண்ணிக்கினு படுத்த படுக்கையா கீதுண்ணே. மந்திரம் காதுல விழுந்துக்கினே இருந்தா ஒடம்பு தேறிடும்னு என் சம்சாரத்தாண்ட சொல்லிச்சாம். எனக்கு நம்பிக்கை இல்ல. அந்தம்மாவுக்கு இருக்குதே! நடுவுல ஒரே செவுரு. அதான் மெட்ராஸ் போயி இந்தத் தட்டை வாங்கியாந்தேன்."

"அத வெளிய சொல்றதுதானே?"

"சாமி இல்லேன்றவன் போடற மந்திரம் பலிக்காதுன்னு அந்தம்மா மனசு உட்டுடும்ணே. எனக்கே பக்தி வந்துட்டதா நினைச்சிக்கட்டும். பதவி போனா போவுது."



"நீயே செயலாளரா இருப்பா" என்று ரங்கசாமி அரசப்பனின் தோளில் தட்டிவிட்டு, நோயாளியை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தார்.

கனகாம்பாள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"ஒடம்பு எப்படிம்மா இருக்குது?"

பதில் இல்லை. உரக்கக் கேட்டார். அசையவே இல்லை. மந்திரத்தில் அப்படியே லயித்துவிட்டாள் போலிருக்கிறது என்று ரங்கசாமி வாசலை நோக்கித் திரும்பினார்.

அதற்குள் கண் விழித்தவள், அவரைப் பார்த்ததும் அவசர அவசரமாக இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தாள்.

"வாங்க நைனா. தப்பா நினைச்சிக்காதீங்க. மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. தினம் ரெண்டு வேளை இந்த சத்தத்துல கேட்டா தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"நிறுத்தச் சொல்றதுதானேம்மா?"

கனகாம்பாள் சுவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"எப்படி நைனா சொல்றது? சாமியே இல்லேன்னு திரிஞ்ச மனுசன், இப்பதான் திருந்திக்கினு வர்றாரு. என் தலைவலிக்காக அதைக் கெடுக்கலாமா? நீங்களும் போயி அவரு மனசைக் கலைச்சிடாதீங்க."

சொல்லிவிட்டு, பஞ்சை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.