அவளுக்குக் குறைக்கக் கூடாது

"நேத்து வந்த பொண்ணுக்கு எங்களைவிட ஒன்றரை மடங்கு சம்பளம். அவ மடிக்கிறதும் இதே சட்டைதானே முதலாளி?"

கேட்டவள் நெட்டையக்கா. சட்டைக் கம்பெனியின் மடிப்பு மேஜைப் பெண்கள் அத்தனை பேரும் அவள் பின்னால் நின்றார்கள்.

"அது பன்னிரண்டாவது முடிச்ச பொண்ணும்மா. படிப்புக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?"

"காலரை மடிக்கிறது படிப்பா, கையா?"

கூட்டம் சிரித்தது. புதிதாக வந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலாளி யோசித்தார். அவர் யோசித்தால் செலவில்லாத வழிதான் தோன்றும்.

"சரி, இனிமே எல்லாருக்கும் ஒரே சம்பளம். அவளுக்குக் கூடுதலாத் தர்றதை எடுத்து உங்களுக்குப் பிரிச்சுடறேன். திருப்திதானே?"

"அவளுக்குக் குறைக்கக் கூடாது."

சொன்னது வக்கீலம்மா. வாய் நீளம் என்று மேஜைப் பெண்கள் வைத்த பெயர். அதுவரை வாயே திறக்காமல் நின்றவள்.

"ஏத்துறதா இருந்தா எல்லாருக்கும் ஏத்துங்க, அவளையும் சேர்த்து. அவளுக்கு ஒரு பைசா குறைஞ்சாலும் நான் மேஜைக்கு வர மாட்டேன்."

"ஏத்த முடியாதும்மா."

"அப்ப இருக்கிறபடி இருக்கட்டும். அடுத்த மாசம் திரும்ப வந்து கேட்பேன்."

முதலாளிக்குக் கசக்குமா? உடனே தலையாட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் நெட்டையக்கா பிடித்துக்கொண்டாள். "கைக்கு வந்ததைத் தட்டி விட்டுட்டியேடி. அந்தப் பொண்ணு உனக்கு என்ன கமிஷன் தர்றா?"

"பேசு. நல்லாப் பேசு" என்றாள் வக்கீலம்மா.

சாயங்காலம் வரை யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கேட்டில் வக்கீலம்மாவின் புருஷன் சைக்கிளோடு நின்றான். நெட்டையக்காவும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

"பத்தாவது முடிச்சாச்சு, போதும்னு சொன்னேன்ல? நம்ம பொண்ணுக்கு இங்க வேலை கேட்டியா?"

"நீயே போய்க் கேளுய்யா. இத்தனை வருஷம் மடிச்ச எனக்கு என்ன, பன்னிரண்டாவது படிச்சுட்டு நேத்து வந்தவளுக்கு என்னன்னு சேர்த்துக் கேளு."

"எல்லாருக்கும் ஒண்ணாக்கிட்டாங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரே?"

"ஆக்கல. நம்பலைன்னா இந்த அக்காவைக் கேளு."

நெட்டையக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"புதுப் பொண்ணுக்கு ஒன்றரை மடங்குதாண்ணே. குறைக்க விட மாட்டோம்."

அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப சரி. பன்னிரண்டாவது முடிச்சுட்டே இங்க வரட்டும்."

"முடிக்கட்டும்" என்றாள் வக்கீலம்மா. "இங்க வரட்டும்னு யாரு சொன்னா?"