வெளி வேலை பார்க்க மாட்டேன்

"கையெழுத்துப் போட ஏன் இவ்வளவு நேரம், பாத்ரூம்? சொத்தையா எழுதிக் கேட்டாங்க?" என்றாள் ரிசப்ஷன் அக்கா.

கட்டடங்களுக்குப் பிளான் போடும் அந்த ஆபீஸில் அவனுக்குப் 'பாத்ரூம்' என்றுதான் பெயர். வந்து ஆறு வருஷம் ஆகிறது. எந்தக் கட்டடம் வந்தாலும் அதன் குளியலறையையும் கழிப்பறையையும் மேனேஜர் இவன் தலையில் கட்டிவிடுவார். மற்றவர்கள் வீடு வரைவார்கள். இவன் வாளி வைக்க இடம் தேடுவான்.

அக்கா நீட்டிய தாளில் இரண்டே வரி. 'இந்த நிறுவனத்தைத் தவிர வேறு யாருக்கும் நான் இப்போது வேலை செய்யவில்லை, இனியும் செய்ய மாட்டேன். மீறினால் அன்றே என்னை நீக்கலாம்.' எழுதியவர் மேனேஜர். முதலாளியிடம் நல்ல பெயர் வாங்க, முதல் கையெழுத்தையும் அவரே போட்டிருந்தார்.

இவன் அந்த இரண்டு வரியையும் மறுபடி படித்தான்.

நாலு மாதமாக இணையத்தில் யாரோ ஒருவருக்கு வீடு வரைந்துகொண்டிருக்கிறான். அந்தத் தளத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வேலை கொடுத்தவர் 'செங்கல்', செய்யும் இவன் 'பென்சில்'. ஒரு பல் டாக்டருக்காகச் செங்கல் எடுத்த வேலை; கீழே கிளினிக், மேலே குடும்பம். வாசல் முதல் மொட்டை மாடி வரை ஒரு முழு வீட்டை அவன் வரைவது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் மனைவி சாப்பிடக் கூப்பிடுவதுகூடக் காதில் விழாது. 'பிரமாதம் பென்சில்!' என்று செங்கல் ஒருமுறை எழுதியதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறான். ஆபீஸில் யாரும் அவனை அப்படிச் சொன்னதில்லை.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, கையெழுத்துப் போட நல்ல நேரம் பாக்கறியா?"

"இல்ல சார், படிச்சுட்டிருக்கேன்."

"படிக்க என்ன இருக்கு? சோறு போடற இடத்துக்குத் துரோகம் பண்ணாதேன்னு இருக்கு. ரெண்டு இடத்துல வேலை பாக்கறவன் ரெண்டு இடத்தையும் ஏமாத்தறான். அப்படி ஒருத்தன் இங்க இருக்கான்னு தெரிஞ்சுது, நானே கழுத்தைப் பிடிச்சு வெளியில தள்ளுவேன்!"

மொத்த ஆபீஸும் பயபக்தியோடு தலையாட்டியது.

அவன் மாடிப்படிப் பக்கம் போய் மனைவிக்குப் போன் செய்தான்.

"பொய்க் கையெழுத்துப் போட்டுடவா?"

"மாட்டிக்கிட்டா வேலை போயிடுமே. என் வேலையும் போய் ரெண்டு மாசமாச்சு" என்றாள் அவள். "அந்த வீடு உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியும். ஆனா நாம இருக்கற வீட்டையும் பாக்கணும் இல்லையா?"

அவன் நின்ற இடத்திலிருந்தே செங்கலுக்குச் செய்தி அனுப்பினான்.

'மன்னிக்கவும். இனி என்னால் தொடர முடியாது. கீழ்த்தளம் முடித்து அனுப்பிவிட்டேன். மேல்தளத்தை வேறு யாரிடமாவது கொடுங்கள்.'

பென்சிலின் கணக்கையும் மூடினான். உள்ளே வந்து கையெழுத்துப் போட்டான். இப்போது அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

தாளோடு கண்ணாடி அறைக்குள் போனபோது மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கையில் போன்.

"போட்டுட்டேன் சார்."

"கதவைச் சாத்து."

விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தான். கதவைச் சாத்தினான்.

"உக்காரு தம்பி."

ஆறு வருஷத்தில் முதல் 'தம்பி'. அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"நமக்குள்ள இருக்கட்டும். உனக்கு பாத்ரூமைத் தவிர வேற ஏதாவது வரைய வருமா?"

"வரும் சார்."

மேனேஜர் வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையை மெல்ல அவன் பக்கம் திருப்பினார். பல் டாக்டரின் கிளினிக். அவன் போட்ட சுவர், அவன் போட்ட ஜன்னல், நோயாளிகள் உட்கார அவன் மூன்று தடவை மாற்றிப் போட்ட பெஞ்சு.

"பென்சில்னு ஒருத்தன், நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டான். திங்கக்கிழமை டாக்டர் வந்து நிப்பாரு, நான் என்ன பதில் சொல்ல? மேல்மாடியை மட்டும் நீ முடிச்சுக் கொடுத்துடு. வீட்ல வெச்சு செய். ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார் மேனேஜர், அவன் கையெழுத்துப் போட்ட தாளைப் பத்திரமாக ஃபைலில் சொருகிக்கொண்டே.