பதினோராவது டேக்

நகரத்தின் தனிமையைப் பாட வேண்டுமென்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது இசையமைப்பாளர் யாழ்மாறனின் கொள்கை. காலையிலிருந்து வெறும் தண்ணீர்தான். நாற்பது வயலின்கள் பின்னால் விசும்ப, ஸ்டுடியோவுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் அவரே பாடினார்: “சாப்பிட்டாயா என்று கேட்க இம்மாநகரில் யாருமில்லை.” பதினோராவது டேக்கில்தான் அந்த ‘யாருமில்லை’யில் அவர் தேடிய நடுக்கம் வந்தது. அது அடங்குவதற்குள் கதவைத் திறந்து தலையை நீட்டினார் கேன்டீன் கன்னியம்மா அக்கா.

“தம்பி, சாப்டியா?”

வயலின்காரர்கள் வில்லை இறக்கிவிட்டுச் சிரித்தார்கள். யாழ்மாறன் சிரிக்கவில்லை. மறுபடி மறுபடி பாடினார். இருபது டேக் ஆயிற்று. நடுக்கம் திரும்பி வரவில்லை. நேரம் முடிந்து வயலின்காரர்களும் கிளம்பிவிட்டார்கள்.

“பதினொண்ணுதான் சார் தேறும். ஆனா அந்தக்கா குரல் உங்க குரல் மேலேயே விழுந்திருக்கு. அதை வெட்டினா நடுக்கமும் போயிடும்” என்றான் ஒலிப்பதிவாளன் தாவீது.

“போடு, கேப்போம்.”

வயலின்கள் விசும்பின. யாருமில்லை என்று அவர் குரல் நடுங்கியது. ஸ்பீக்கர் கேட்டது: “தம்பி, சாப்டியா?”

யாழ்மாறன் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னும் இல்லக்கா” என்றார், ஸ்பீக்கரைப் பார்த்து.