காத்து நிக்காத டயர்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் இப்போதே கிடைக்காது. சங்கிலிமுத்து தன் சைக்கிளுக்குப் புது டயர் மாட்டி முடிக்கட்டும். அதுவரை பொறுக்கணும்.

அவரை மாட்டவிடாமல் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவள் அவருடைய மகள் இசைவாணி. பதினேழு வயசு. ஆமத்தூரில் எந்தக் குரலும் அவளுக்கு வரும். மினி பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், ஹெட்மிஸ்ட்ரஸ், சண்டை போடுகிற ரெண்டு பூனைகளும் ஒரே நேரத்தில். வெடிச் சத்தம் மட்டும் போடமாட்டாள். பட்டாசுக் கம்பெனிகளை நம்பிப் பிழைக்கிற அந்த ஊரில் அது விளையாட்டுக்கு ஆகாது.

இன்றைக்கு அவள் எடுத்திருப்பது பஞ்சர் குரல்.

வாசலில் சங்கிலிமுத்து காற்றடித்து முடித்து, பம்பை உருவினார்.

"புஸ்ஸ்ஸ்ஸ்..."

டயரை அமுக்கிப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தது. காதை வைத்துக் கேட்டார்.

"புஸ்ஸ்ஸ்..."

"கள்ளப் பஞ்சர்! இங்கன கல்லு மாதிரி நிக்கும், நடுவழியில காலை வாரிரும்" என்று முனகிக்கொண்டே மறுபடி டயரைக் கழற்ற உட்கார்ந்தார்.

கழற்ற அவர் வைத்திருந்தது வீட்டுக்காரி மாரித்தாயின் மர அகப்பை. அவர் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனிக்குள் இரும்புச் சாமான் ஆகாது, உரசினால் பொறி பறக்கும். அந்தப் பழக்கம் அவரோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது. அகப்பைக் காம்பால் நெம்பி, டியூப்பை உருவி, வாளித் தண்ணீரில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று கண் இமைக்காமல் பார்த்தார்.

வரவில்லை. எப்படி வரும்?

இசைவாணி தலையணையைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள்.

"ஏண்டி, நீயெல்லாம் ஒரு பிள்ளையா?" அடுப்படியிலிருந்து வந்த மாரித்தாய் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "மனுசன் வேர்த்து ஊத்துறாரு. உனக்கு விளையாட்டா இருக்கா?"

"விளையாட்டு இல்லம்மா." இசைவாணி குரலைத் தாழ்த்தினாள். இப்போது வந்தது அவளுடைய சொந்தக் குரல். "நாளைக்கு விடிஞ்சா நான் மதுரை ஆஸ்டலுக்குப் போயிருவேன். நர்சிங் சேர்ந்தா அப்புறம் எப்ப ஊருக்கு விடுவாகளோ? இவரு என்னடான்னா சீசன் சீசன்னு ஞாயித்துக்கிழமை கூட கம்பெனியே கதின்னு கெடக்காரு. இன்னைக்கு ஒரு நாள் என்கூட இருந்தாத்தான் என்ன? சைக்கிள் ஓடினாத்தானே போவாரு?"

மாரித்தாய் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். வாசலை எட்டிப் பார்த்தாள். சொல்ல வந்ததை மென்று முழுங்கினாள்.

"பேசாம அவரை மாட்ட விடு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதுக்கா? போம்மா நீ!"

அடுத்த திட்டம் தயார். கொல்லைச் சுவருக்குப் பின்னால் போய் நின்று, வெத்தலை குதப்புகிற போர்மேன் காளீஸ்வரன் குரலை எடுத்தாள்.

"ஏலே சங்கிலிமுத்து! இன்னைக்கு லோடு ஏத்த ஆள் இருக்கு. நீ வர வேண்டாம்லே!"

"சரிங்கண்ணாச்சி!" என்றார் சங்கிலிமுத்து. தலையும் நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை. பம்பு பாட்டுக்கு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

இசைவாணிக்குப் பத்திக்கொண்டு வந்தது. வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் போகத் துடிக்கிற ஆளை என்ன செய்ய?

மாரித்தாய் குரலில் கூப்பிட்டாள். "ஏங்க, அடுத்த வீட்டுல பம்பு கேக்காக!"

"வேலை முடியட்டும், தாரேன்!"

வேறு வழியில்லை. திரும்ப ஜன்னலுக்கு ஓடினாள். புஸ்ஸ்ஸ். டயர் கழன்றது. மாட்டினார். புஸ்ஸ்ஸ். கழன்றது. வெயில் உச்சிக்கு ஏறியது. கடைசியில் அவளுக்குத் தொண்டை வறண்டு, புஸ்ஸுக்குப் பதிலாக "கிர்ர்ர்" என்றுதான் வந்தது. அந்தச் சத்தத்தில் எந்த ஊரிலும் பஞ்சர் ஆவதில்லை.

"நின்னுருச்சுடா சாமி!" சங்கிலிமுத்து டயரில் ஒரு குத்து விட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

தோற்றுப்போன இசைவாணி வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது.

"கிளம்புவமா தாயி?"

"போங்க. போயி அந்தக் கம்பெனியையே கட்டிக்கிட்டு அழுங்க."

"நான் மட்டும் போயி என்ன செய்ய? நீயும் ஏறு."

"எங்க, கம்பெனிக்கா?" வெடுக்கென்று நிமிர்ந்து பார்த்தாள்.

அப்பா ரோஸ் கலரில் பளபளவென்று ஒரு பாலியஸ்டர் சட்டை போட்டிருந்தார். கல்யாண வீட்டுக்கு மட்டுமே வெளியே வருகிற சட்டை. பட்டாசுக் கம்பெனிக்குப் பருத்தித் துணிதான் உடுத்திப் போகணும். பாலியஸ்டர் உரசினாலே பொறி தட்டும் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது அந்தப் பக்கத்தில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"ப்பா... இந்தச் சட்டையோட உங்கள உள்ள விடமாட்டாகளே?"

"எதுக்கு விடணும்? நேத்தே லீவு சொல்லியாச்சு." சங்கிலிமுத்து கேரியரைத் துண்டால் தட்டிவிட்டார். "நாளைக்கு நீ போயிருவேன்னு, இன்னைக்குப் பூரா விருதுநகர் கூட்டிட்டுப் போயி, பொரிச்ச பரோட்டா வாங்கித் தந்து, பஜாரெல்லாம் சுத்திட்டு வரலாம்னுதான் விடியக்காலமே உக்காந்தேன். இந்தப் பாழாப்போன டியூப்பு நம்மளக் கிளம்ப விட்டாத்தானே!"