அலுமினியத்துக்குள் கல் உப்பு

"ஒரு சொம்பு நல்ல தண்ணி இல்லையாம்டி! நேத்துத்தான் லாரியில எட்டுக் குடம் பிடிச்சா. மனுசியா அவ?"

காலிச் சொம்போடு வந்து பொரிந்தாள் சீனியம்மாள். பக்கத்து வீட்டு சூடாமணி இப்படிக் கையை விரிப்பாள் என்று அவள் நினைக்கவே இல்லை.

"விடும்மா. உப்பு போயிருச்சுல்ல!" என்று குதித்தாள் மகள் நாகஜோதி.

அவள் கையில் சோப்புக்கட்டி அளவு அலுமினியம். காலேஜ் லேபில் ஒரு அச்சில் கல் உப்பை நிரப்பி, இடுக்கெல்லாம் இறங்கும்படி உருகின அலுமினியத்தை ஊற்றி எடுத்தது. உப்பு கரைந்து வெளியே வந்துவிட்டால், ரஸ்க் மாதிரி உள்ளெல்லாம் ஓட்டை. கொஞ்சம் தங்கினாலும் அரித்துவிடும். நாளைக் காலை சோதிக்க வருகிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். மூன்று வருசப் படிப்பு!

"ஓட்டை விழுந்தா அடைக்கத்தானடி ஆள் தேடுவோம். நீ ஓட்டை போட்டு டாக்டர் பட்டம் வாங்கப் போறியா?"

கேலி பேசினாலும், மகள் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்ததும் கழுவுகிற வேலையை எடுத்துக்கொண்டவள் சீனியம்மாள்தான். காலையிலிருந்து போர் மோட்டாரைப் போட்டுப் போட்டு வாளித் தண்ணியை மாற்றுவாள். கட்டியை ஊறவைப்பாள். ஒரு சொட்டு நாக்கில் வைப்பாள்.

"கரிக்குதுடி!"

பதினோரு தரம் மாற்றினாள். பதினோரு தரமும் கரித்தது.

கட்டியை வாளியிலேயே போட்டுவிட்டு, கருப்புசாமி கோயிலுக்கு ஓடினாள். "அய்யா, இந்த உப்பை மட்டும் எடுத்துரு. இன்னிக்கே பானகம் வைக்கிறேன்."

திரும்பி வந்து நாக்கில் வைத்தால்... கரிக்கவே இல்லை! மகளையும் இழுத்து வந்து வாளியைச் சுற்றிக் கும்மியடித்தாள்.

பானகம் கரைக்கத்தான் அந்தச் சொம்புத் தண்ணி.

"சாமி காரியத்துக்குக்கூட இல்லைன்னுட்டாளே! இரு, கேட்டுட்டு வாரேன்."

விறுவிறுவென்று சூடாமணி வீட்டு அடுப்படிக்கே போய்விட்டாள். அங்கே எட்டுக் குடமும் கவிழ்ந்து கிடந்தன.

"எங்கடி அம்புட்டுத் தண்ணியும்?"

சூடாமணி நெளிந்தாள்.

"போர்த் தண்ணியே உப்புத் தண்ணி. அதுல அலசிப்புட்டு கரிக்குது கரிக்குதுன்னா எப்பிடிக்கா? நீங்க கோயிலுக்குப் போன நேரம் உங்க வாளியில ஒவ்வொரு குடமா மாத்தி மாத்தி ஊத்திட்டேன்."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல, பாவி!"

"சாமியே எடுத்துட்டாருன்னு அம்புட்டுச் சந்தோசமா கும்மியடிச்சீங்க. அதைப் போயி எதுக்குக்கா கெடுக்கணும்?"