நூல் சுற்றிய மெட்டி

ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் கலைந்த ராயப்பராஜ் வாத்தியாரின் மடியில் மகளின் இங்கிலீஷ் புத்தகம் கிடக்கிறது. "டிப்டோன்னா சத்தமில்லாம நடக்குறது, நான்சி. டிப்னா நுனி, டோன்னா கால்விரல். ரெண்டும் சேந்து ஒரே சொல்லாயிருச்சு. நடந்து காட்டவா?"

"வேணாம்ப்பா. நீங்க தூங்கையில நானும் அம்மாவும் அப்படித்தான நடக்குறோம்."

அவர் சிரிக்கிறார். "உங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாமலே வந்துருச்சு பாரு!"

காப்பி கொண்டுவந்த அன்னாள் டம்ளரை ணங்கென்று வைக்கிறாள். மெட்டிச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறதென்று கல்யாணமான புதிதில் அவர் அதட்ட, அன்றைக்கே அவள் அதில் நூல் சுற்றினாள். ஜன்னல் வெயில் விழுந்த சிமெண்டுத் தரையில் குனிந்து, பன்னிரண்டு வருஷமாக மாற்றி மாற்றிச் சுற்றிய அந்த நூலை நகத்தால் பிய்க்கிறாள். அழுக்குச் சுருளை விரிந்த பக்கத்தின்மேல் போடுகிறாள்.

"இதுக்கும் அர்த்தம் சொல்லுங்க வாத்தியாரே."

அடுப்படி வரைக்கும் மெட்டி டக் டக்கென்று தரையை அடித்துக்கொண்டே போகிறது.